பேனாக்கத்தி நடந்து வந்த வழி

மாம்பழம் நறுக்கவும், பொட்டலத்தின் கயிற்றை அறுக்கவும், பென்சில் சீவவும் பயன்படுகின்ற சிறிய மடக்குக்கத்தியைப் பேனாக்கத்தி என்று அழைக்கிறோம். பெயர் நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆயினும், இந்தக் கத்திக்கும் பேனாவுக்கும் என்ன உறவு என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்கவே செய்வோம். ஊற்றுப் பேனாவை யாரும் கத்தி கொண்டு சீவுவதில்லை. பந்துமுனைப் பேனாவுக்கோ கத்தியின் துணையே தேவையில்லை. அப்படியிருக்க இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்வியின் பின்னே சென்றால் ஒரு சிறு கருவியின் நீண்ட வரலாறு விரிகின்றது. எழுதுவோனுக்கும் உழுவோனுக்கும் போர்வீரனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஏவல் செய்த கருவி அது. அதே கருவி இன்று விமான நிலைய வாசலில் தடுக்கப்படுகின்றது. சில நாடுகளில் நீதிமன்றம் வரை இழுக்கப்படுகின்றது. கருவியாகப் பிறந்த ஒன்று ஆயுதமாகப் பார்க்கப்படும் நிலை எவ்வாறு வந்தது என்பதையும், அதனைக் கையாளுவோர் இவ்வரலாற்றிலிருந்து அறிந்துகொள்ள வேண்டுவது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இறகு தந்த பெயர்

பேனா என்னும் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு இறகு என்பது பொருள். ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பறவையின் இறகைக் கொண்டே எழுதினர். சிறகிலிருந்து எடுத்த இறகு அப்படியே எழுதிவிடாது. அதன் தண்டின் நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவே ஒரு பிளவு இட்டு, முனையை நறுக்க வேண்டும். எழுத எழுத முனை மழுங்கும். மறுபடியும் சீவ வேண்டும். ஆகவே எழுதுவோன் ஒவ்வொருவனுக்கும் கூரிய சிறு கத்தி ஒன்று இன்றியமையாததாயிற்று. மடாலயங்களில் தோலேடுகளில் நூல்களைப் படியெடுத்த துறவியர், வலக்கையில் இறகும் இடக்கையில் கத்தியுமாக அமர்ந்திருப்பதைப் பழைய ஓவியங்களில் காணலாம். அக்கத்தி இறகைச் சீவியது. மேலெழும் தோலேட்டை அழுத்திப் பிடித்தது. பிழையாக எழுதியதைச் சுரண்டி நீக்கியது. இறகு சீவிய கத்தியே பிற்காலத்தில் பேனாக்கத்தி ஆயிற்று.

ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கும் இதே தேவை இருந்தது. பனையோலையை அளவாக நறுக்கவும், ஓரங்களைச் சீர்ப்படுத்தவும் கத்தி வேண்டும்; எழுத்தைக் கீற எழுத்தாணி வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பிடியில் இணைத்து, வேண்டாத நேரத்தில் மடித்து வைத்துக்கொள்ளும்படி செய்ததே மடக்கெழுத்தாணி. வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என எழுத்தாணியில் பல வகை இருந்ததை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' என்னும் நூலில் விளக்கியிருக்கிறார். இறகு கொண்டு எழுதியவனும் ஓலையில் எழுதியவனும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகியவர்கள் அல்லர். தொழில் ஒன்றாக இருந்தமையால் கருவியும் ஒன்றுபோல் அமைந்தது. எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனிடம் கத்தியும் இருக்கும் என்பது அன்று இயல்பான செய்தி.

மடங்கும் அலகு

அலகைப் பிடிக்குள் மடித்து வைக்கும் எண்ணம் மிகப் பழமையானது. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னும் ஊரில் கிடைத்த எலும்புப்பிடி மடக்குக்கத்தி, கி.மு. 600க்கும் 500க்கும் இடைப்பட்ட காலத்தது என்று மதிப்பிடப்படுகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்துக் கருவி ஒன்று உள்ளது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வெள்ளிக் கருவியில் இரும்பு அலகோடு கரண்டியும் முட்கரண்டியும் பிற சிறு கருவிகளும் மடங்கி அடங்கும்படி அமைந்துள்ளன. ஒரு பிடியில் பல கருவிகளைப் பொருத்துவது இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும்.

பழைய மடக்குக்கத்திகளில் வில் கிடையாது. ஓர் ஆணியின் இறுக்கமே அலகை நிறுத்தும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிடியின் முதுகில் ஓர் எஃகு வில்லை வைத்து அமைக்கும் முறை பரவிற்று. அலகின் அடிப்பகுதியை அந்த வில் அழுத்திக்கொண்டிருக்கும். திறந்தால் திறந்தபடியும் மூடினால் மூடியபடியும் அலகு நிற்கும். இம்முறையை உலகெங்கும் கொண்டுசென்ற ஊர் இங்கிலாந்தின் ஷெபீல்டு.

ஷெபீல்டின் புகழ் மிகத் தொன்மையானது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கதை ஒன்றில் வரும் மாவாலைக்காரன், தன் காலுறையில் ஷெபீல்டு கத்தியைச் செருகியிருக்கிறான். அவ்வூரைச் சுற்றிலும் ஓடிய சிற்றாறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. அருகிலிருந்த குன்றுகள் சாணைக்கல் தந்தன. 1624ஆம் ஆண்டில் கத்தித் தொழிலாளர் சங்கம் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நிறுவப்பெற்றது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி, எஃகை மூசையில் உருக்கி வார்க்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். கடிகார வில்லுக்கு நல்ல எஃகு தேடிய அவருடைய முயற்சி, கத்தித் தொழிலுக்கே புதுவாழ்வு தந்தது.

இவ்விடத்தில் இந்தியாவின் பங்கையும் நினைவுகூர்தல் தகும். 'ஊட்ஸ்' என்று ஆங்கிலேயர் அழைத்த இந்திய எஃகின் மாதிரிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அப்பெயர், உக்கு, உருக்கு என்னும் தென்னாட்டுச் சொற்களோடு உறவுடையது என்பர். 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் அந்த எஃகைப் பற்றி ராயல் சொசைட்டியில் ஆய்வுரை அளித்தார். அதனைச் சோதிக்க ஸ்டோடர்ட் என்னும் லண்டன் கத்தித் தொழிலாளி செய்து காட்டிய பொருள் வாளன்று, ஈட்டியன்று, ஒரு பேனாக்கத்தி! அதன் கூர் சிறந்த ஆங்கில எஃகின் கூருக்குச் சற்றும் இளைத்ததன்று என்று கண்டனர். எஃகின் தரத்தை அறியப் பேனாக்கத்தியே உரைகல்லாக நின்றது என்றால், அக்காலத்தில் அக்கருவிக்கு இருந்த மதிப்பை உணரலாம்.

ஆனால் அந்தக் கூருக்குத் தொழிலாளர் கொடுத்த விலை பெரிது. குனிந்து அமர்ந்து சாணை பிடித்தவர்களின் நுரையீரலில் கல்தூளும் எஃகுத்தூளும் படிந்தன. நீரின்றி உலர்சாணை பிடித்தவர்கள் இளவயதிலேயே மாண்டனர். செல்வர் பையில் மின்னிய கத்திக்குப் பின்னால் இந்த இருமலின் ஒலி இருந்தது.

வேலை போயிற்று, கத்தி நின்றது

1822ஆம் ஆண்டில் ஷெபீல்டின் புகழ்பெற்ற ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822 அலகுகள் கொண்ட ஒரு காட்சிக் கத்தியைச் செய்து உலகை வியக்க வைத்தது. அதே ஆண்டில் பர்மிங்காம் நகரில் ஜான் மிட்செல் என்பவர் எஃகுப் பேனாமுனைகளை இயந்திரங்களின் துணையால் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினார். எஃகு முனையைச் சீவ வேண்டுவதில்லை. பிள்ளைகளும் வாங்கும் விலைக்கு அது வந்ததும் இறகு மறைந்தது. பேனாக்கத்தி தான் பிறந்த வேலையை இழந்தது.

எனினும் கத்தி மறையவில்லை. பென்சிலைச் சீவியது, கடிதத்தைத் திறந்தது, பழத்தை நறுக்கியது, புகையிலையை வெட்டியது. ஒரு வேலைக்கென்று செய்த கருவி நூறு வேலைக்கு உதவும் என்பதை மக்கள் கண்டுகொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது எழுத்தாளனின் மேசையை விட்டு இறங்கி, உழவனின் பைக்கும் சிப்பாயின் பைக்கும் சென்றது.

பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஒப்பினெல் என்னும் குடும்பத்தார் கோடரி, அரிவாள் முதலியவற்றைச் செய்து வந்தனர். அக்குடும்பத்து இளைஞர் ஜோசப் ஒப்பினெல் 1890ஆம் ஆண்டில், தமது 18ஆம் வயதில், எளிய மடக்குக்கத்தி ஒன்றை உருவாக்கினார். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். வேறு அலங்காரம் எதுவுமில்லை. 1897இல் அதனை 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் வெளியிட்டார். கைக்கும் வேலைக்கும் ஏற்ற எண்ணை உழவன் தானே தேர்ந்துகொண்டான். அவற்றுள் இன்றும் பெருவழக்கிலுள்ள 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். ஒரு குறை மட்டும் எஞ்சியிருந்தது. அழுத்தி வேலை செய்யும்போது அலகு திடீரென மடங்கி விரலை அறுக்கக்கூடும். 1955இல் மார்சல் ஒப்பினெல், திருகினால் அலகைப் பூட்டிவிடும் வளையம் ஒன்றைச் சேர்த்து அக்குறையைப் போக்கினார். பூட்டு என்பது வேலை செய்வோனின் விரலைக் காக்க வந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதனை மீண்டும் காண்போம்.

சுவிட்சர்லாந்துக் கதை வேறுவகையானது. அந்நாட்டுப் படை 1889இல் ஏற்ற புதிய துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி தேவைப்பட்டது. உண்ணும் உணவோ தகர டின்களில் வந்தது. ஆகவே அலகு, திருப்புளி, டின் திறக்கும் கருவி, துளையிடும் ஊசி ஆகிய நான்கும் சேர்ந்த கத்தி ஒன்றைப் படைத்துறை வகுத்தது. முதலில் அவை ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. சொந்த நாட்டுச் சிப்பாயின் கத்தி அயல்நாட்டிலிருந்து வருவதா என்று எண்ணினார், ஷ்விட்ஸ் மாநிலத்து இபாக் என்னும் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர். தொழிலாளரை ஒன்று சேர்த்து 1891இல் படைக்கு முதல் தொகுதியை அளித்தார். சோலிங்கனின் மலிவு விலையோடு போட்டியிட முடியாமல் கூட்டாளிகள் விலகினர். எல்சனர் கடனில் மூழ்கினார். அவரைக் கரையேற்றியது 1897இல் அவர் பதிவு செய்த இலேசான அதிகாரிகள் கத்தி. அதில் இன்னொரு சிற்றலகும், போத்தலின் தக்கையைத் திருகி எடுக்கும் சுருளாணியும் சேர்ந்திருந்தன. படை அதனை வழங்கவில்லை. அதிகாரிகள் தம் கைக்காசு கொடுத்தே வாங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் போர்வீரர் அதனை ஊருக்குக் கொண்டுசென்றனர். அதன் ஜெர்மன் பெயர் அவர்கள் நாவில் நுழையாமையால் 'சுவிஸ் ஆர்மி நைப்' என்று அழைத்தனர். அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது.

இதற்கிடையே எஃகிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. 1913இல் ஷெபீல்டு ஆய்வாளர் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழலுக்கேற்ற உலோகம் தேடியபோது, குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிப்பதில்லை என்று கண்டார். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று தொழிலாளர் முதலில் அவரை எள்ளினர். ஆனால் எல்சனர் நிறுவனம் 1921இல் அவ்வகை எஃகை மேற்கொண்டது. 1909இல் மறைந்த நிறுவனரின் தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருவேறா எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல் சேர்ந்து, 'விக்டோரினாக்ஸ்' என்னும் பெயர் பிறந்தது.

ஜப்பானியப் பிள்ளைகளின் கத்தி

ஆசியாவிலும் இக்கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானின் மிக்கி என்னும் ஊர்க் கருமார் 1890களில் 'ஹிகோ நோ காமி' என்னும் எளிய மடக்குக்கத்தியைச் செய்யத் தொடங்கினர். மடித்த தகட்டுப் பிடி, ஓர் அலகு, கட்டைவிரலால் திறக்க ஒரு வால், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் அதனால் பென்சில் சீவினர். மூங்கிலைச் சீவி விளையாட்டுப் பொருள்கள் செய்தனர். அவர்கள் கைவேலை கற்றது அக்கத்தியைக் கொண்டே எனலாம்.

1960ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஜப்பான் சோசலிஸ்டுக் கட்சித் தலைவர் அசனுமா டோக்கியோவில் மேடையில் பேசிக்கொண்டிருக்கையில், 17 வயது இளைஞன் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். அவன் ஏந்தியது ஒரு குறுவாள், பேனாக்கத்தி அன்று. ஆயினும் அக்காலத்தில் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்னும் இயக்கம் நாடெங்கும் வலுப்பெற்றது. குறுவாள் செய்த குற்றத்துக்குப் பென்சில் சீவிய கத்தியும் தண்டனை ஏற்றது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அப்பெயரைச் சட்டப்படி தாங்கும் பட்டறை ஒன்றே ஒன்று.

சட்டத்தின் முன்

கத்தியைக் குறித்த அச்சம் ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. பொத்தானை அழுத்தியதும் அலகு பாயும் விசைக்கத்தியை அமெரிக்கக் கூட்டரசு 1958இலும் பிரிட்டன் 1959இலும் சட்டத்தால் கட்டுப்படுத்தின. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அதே 1958ஆம் ஆண்டில், அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்குதற் கருவிகள் ஆகியவற்றைக் குறித்த சட்டங்கள் பிறந்தன. நியாயமான நோக்கமின்றிப் பொதுவிடத்தில் தாக்குதற் கருவியை வைத்திருத்தல் குற்றம் என்பது அவற்றின் கருத்து. கருவி எது என்பதோடு, எதற்காக என்பதையும் சட்டம் கேட்கின்றது.

பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்களித்தது. அலகைப் பூட்டும் கத்தி அந்த விலக்குக்குள் அடங்காது என 1993இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2008ஆம் ஆண்டின் திருத்தம், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே கொண்டுசெல்வதைத் தடுத்தது. அதே 2008இல் சுவிட்சர்லாந்து தன் சிப்பாய்களுக்குத் தேர்ந்தெடுத்த புதிய கத்தியோ, ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியே! விரலைக் காக்க வந்த பூட்டு ஒரு நாட்டில் பாதுகாப்பு. அண்டை நாட்டில் ஐயத்துக்குரியது.

சட்டம் இயற்றியோரைக் குறைகூறி முடித்துவிடுதலும் நேர்மையாகாது. கத்திக்குத்தில் மகனை இழந்த தாயிடம் பேனாக்கத்தியின் பெருமையைப் பேச எவர்க்கும் நா எழாது. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்க விமானங்களைக் கடத்தியோர் சிறு கத்திகளையும், அட்டைப்பெட்டி அறுக்கும் அலகுகளையும் பயன்படுத்தினர் என்பது மறுக்கவியலாத உண்மை. அதன் பின் விமானப் பயணிகளின் கைப்பையில் பேனாக்கத்திக்கு இடமில்லாமற் போயிற்று. விமான நிலையக் கடைகளில் விற்பனை நின்றதால் விக்டோரினாக்ஸ் பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. ஆயினும் அதற்காகத் தொழிலாளரை நீக்காமல் சமாளித்தது. 2013இல் அமெரிக்க அதிகாரிகள் சிற்றலகுக் கத்திகளை மீண்டும் அனுமதிக்க முனைந்தனர். விமானப் பணியாளர் முதலியோர் எதிர்த்தமையால் சில மாதங்களிலேயே அதனைக் கைவிட்டனர்.

தேர்ந்தெடுப்போர்க்கு

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் பழமொழி. அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: தொழிலறிந்தவன் கையில் ஆயுதமும் கருவியாகவே விளங்கும். ஆகவே கத்தி வாங்குவோர் முதலில் வினவ வேண்டியது, எனக்கு என்ன வேலை என்பதே. ஒப்பினெல் பன்னிரண்டு எண்கள் இட்டதும், சுவிஸ் படை திருப்புளி கேட்டதும் வேலையை முன்வைத்தே அல்லவா?

கயிறு, பொட்டலம், பழம் ஆகியவற்றுக்கு ஆறேழு சென்டிமீட்டர் அலகு போதும். அதனினும் நீண்ட அலகு பையில் சுமை. பார்ப்போர்க்கும் அச்சம் தரும். நம் நாட்டு ஈரக்காற்றிலும் உடல் வியர்வையிலும் கரியெஃகு விரைவில் துருவேறும். எலுமிச்சையும் மாங்காயும் நறுக்கினால் கறுத்தும் போகும். நாள்தோறும் துடைத்து எண்ணெய் இடும் பொறுமை உள்ளவர்க்கு அது எளிதில் கூரேறும் நல்ல கருவி. மற்றவர்க்குத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. வில் மட்டுமே உள்ள கத்தியால் குத்தித் துளைத்தல் ஆகாது. அலகு மடங்கி விரலை வெட்டும். அலகைத் திருப்புளியாகவும் நெம்புகோலாகவும் பயன்படுத்துவோர் முனையை ஒடித்துக்கொள்வர். வெட்டும் திசையில் மற்றைக் கை இருத்தலாகாது. மழுங்கிய கத்தியே மிகுதியாகக் காயப்படுத்தும். ஏனெனில் அதனை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தும்போது அது வழுக்குகிறது. பிறரிடம் கொடுக்கையில் மடித்துக் கொடுத்தலே பண்பு. பயணத்துக்கு முன்பு, செல்லும் நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்வதும், விமானம் ஏறுமுன் அதனைச் சரக்குப் பெட்டியில் இட்டுவிடுவதும் அறிவுடைமை. வேலையில்லாத இடத்துக்கு அதனைச் சுமந்து செல்லாதிருப்பது எல்லாவற்றினும் நன்று.

அலகில்லாக் கத்தி

2024ஆம் ஆண்டில் விக்டோரினாக்ஸ் தலைவர், கார்ல் எல்சனர் வழிவந்தவர், ஒரு செய்தியை வெளியிட்டார். பல நாடுகளில் கட்டுப்பாடு பெருகி வருவதால் அலகே இல்லாத பையடக்கக் கருவிகளையும் தம் நிறுவனம் உருவாக்கி வருவதாக அவர் தெரிவித்தார். மிதிவண்டி ஓட்டுவோர்க்குத் திருப்புளி முதலியவை போதும் என்பது அவர் கருத்து.

இறகு போனபின் பேனாக்கத்தி வாழ்ந்தது. பென்சிலை இயந்திரம் சீவத் தொடங்கிய பின்னும் வாழ்ந்தது. அலகு போனபின் எஞ்சுவது பயனுள்ள கருவியாக இருக்கலாம்; ஆனால் அதனைக் கத்தி என்று அழைக்க இயலாது. கூரிய பொருளை அஞ்சாமலும் அலட்சியம் செய்யாமலும் கையாளும் பழக்கம், மூத்தோர் கைபிடித்துக் காட்ட இளையோர் கற்பது. கத்தியே இல்லாத வீட்டில் அக்கல்வி நிகழாது. ஒருவேளை உங்கள் இல்லத்து மேசை அறையில் தாத்தாவின் பேனாக்கத்தி ஒன்று துருவேறிக் கிடக்கலாம். அதனை எடுத்துத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு பென்சிலைச் சீவிக் காட்டுங்கள். இந்தக் கத்திக்கு ஏன் இந்தப் பெயர் என்று அவன் கேட்டால், இனித் தயங்க வேண்டியதில்லை.